ஒலியின் ஓய்வும் உயிரின் ஓய்வும்

போடிநாயக்கனூர்க்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தேவாரம் என்னும் ஊர் உளது. மூவர் முதலிகளின் அருட்பாடல்கட்கு வழங்கும் பெயரே ஓர் ஊர்க்கும் பெயராய் அமைந்தமை சைவ நன்மக்கள் செவிக்கு இனியதொன்று. அப்பெயர்க் காரணத்தை ஆராய யாம் ஈண்டுப் புகுகின்றிலேம். சென்ற கார்த்திகைத் திங்களில் அவ்வூர் அன்பரொருவர் மனைக்கண் இரண்டு நாள் தங்கியிருந்தேம். அக்காலை எம்மிடம் ஒருவர் வினவிய வினாவும், அதற்கு யாம் விரைந்து கூறிய விடையின் குறைபாடுமே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

வினவியவர் முப்பது ஆண்டு நிரம்பாத இளைஞர். மலைமேல் கேரள எல்லையிலுள்ள தோட்டமொன்றின் ஏலக்காய் ஸ்டோரில் இரவுப் பணி செய்பவர். ஸ்டோர் இன்னதென்று அறியாதார் பொருட்டு ஒன்று கூறுதும். பறித்த பச்சைக் காயைக் கழுவித் தட்டுகளிற் பரப்பி, சூடேற்றிய அறையில் வைத்து, ஏறக்குறைய 18 முதல் 24 மணி நேரம் வரை உலர்த்துவர். சூடு 45 முதல் 55 பாகைக்குள் நிற்றல் வேண்டும். மிகின் பச்சை நிறம் கெடும். குறையின் ஈரம் நின்று பூஞ்சணம் பற்றும். நிறங்கெட்ட காய் போடியில் நடக்கும் ஏலத்தில் நல்ல விலை போகாது. ஆதலின் இரவெல்லாம் ஒருவர் உறங்காது விழித்திருந்து சூடு பார்த்தல் இன்றியமையாதது. இவ்விளைஞர் செய்வது அப்பணி. வெளியே பனிமூட்டமும் சில்வண்டின் ஓசையும். உள்ளே காற்றை உந்தும் விசிறியின் இடையறாத முழக்கம். அம்முழக்கத்தினூடே, கைப்பேசியில் இயர்போனைப் பூட்டி, மேனாட்டார் மின்கருவிகளால் இயற்றிய இசைத்தொகுதிகளை அவர் கேட்டு வருகின்றார். தாளமில்லை, பாட்டில்லை, பண்ணென்று சுட்டத்தக்கதும் இல்லை. ஓரொலி எழுந்து நின்று, கேட்பவர் அறியாவண்ணம் மிக மெல்ல வேறுபட்டு, ஒரு மணிக்குப் பின் ஓயும். அவ்வளவே.

அவர் கேட்டது இது: "ஐயா, இதனைக் கேட்டிருக்கும்போது என் மனம் ஒரு நினைவும் இன்றி நிற்கிறது. கோயிலில் நின்றால் அவ்வாறு நிற்பதில்லை. திருமுறை கேட்டாலும் நிற்பதில்லை. சொற்கள் வந்து இழுக்கின்றன. தாங்கள் நேற்றுச் சொன்ன சும்மா இருத்தல் இதுதானே? இதுவாயின் எனக்குக் கோயில் எதற்கு?"

யாம் அப்பொழுது கூறிய விடை எமக்கே இன்று நாணந் தருவது. யந்திரத்தின் இரைச்சல் தாமதத்தை விளைப்பது என்றும், உறக்கத்தை ஓய்வென்று மயங்கலாகாது என்றும் இரண்டொரு சொற்களிற் கூறி முடித்தேம். இளைஞர் பணிவோடு, "தாங்கள் அதனைக் கேட்டதுண்டா, ஐயா?" என்றார். இல்லை என்று கூறுதலன்றி எமக்கு வேறு வழியில்லை. கேளாத ஒன்றனைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் அளவை நூல் அறிந்தார்க்கு அழகன்று. அன்றிரவே அவர்தம் கருவியை எம் செவியிற் பூட்டிக் கேட்டேம். பின்னர் ஊர் திரும்பியும் பலகாற் கேட்டேம்.

அவர் முதலில் எமக்குக் கேட்பித்தது எலியான் ராதீக் என்னும் பிரெஞ்சு நாட்டு அம்மையார் இயற்றிய இசை. 1932இல் பாரிசு நகரிற் பிறந்த இவர், ஏஆர்பி 2500 என்னும் சிந்தசைசரில், விசைப்பலகையை வேண்டாவென நீக்கி, திருகுகளை மட்டும் மயிரிழையளவு திருப்பித் திருப்பி ஒலியை வளர்ப்பவராயிருந்தார். முதற் பத்து நிமிடம் எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைக் கூறின், சலிப்பே மிகுந்தது. அதன்பின் ஒன்றெனக் கேட்ட ஒலி பலவாய் விரியத் தொடங்கிற்று. அடியில் ஒரு முழக்கம். அதன்மேல் மணியின் ஓசைபோல் ஒன்று. அவ்விரண்டிற்கும் இடையே ஏறியிறங்கும் ஒரு விம்மல். இவை முன்னரே இருந்தன. எம் செவிதான் இப்பொழுது அவற்றுக்கு இடங் கொடுத்தது.

இவ்விம்மலின் இயல்பு அறியத்தக்கது. நொடிக்கு 200 முறை அதிரும் ஒலியும் 201 முறை அதிரும் ஒலியும் ஒருங்கு கூடுமாயின், நொடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் விம்மலொன்று பிறக்கும். அது அவ்விரண்டனுள் எதனிடத்தும் தனித்தில்லை, கூட்டத்தின்கண்ணே உளது. வேறுபாட்டைப் பத்திலொன்றாகக் குறைப்பின் விம்மல் பத்து நொடிக்கு ஒன்றாய் நீளும். மின்கருவி கையில் தளர்ச்சியின்றி ஓரொலியை எத்துணை நேரமும் பிடித்து நிற்குமாதலின், இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளை மணிக்கணக்கில் வளர்த்துக் காட்டல் அதற்கு எளிது. மூச்சுடைய மக்கட்கு அது அரிது. இவ்விசையின் கவர்ச்சிக்குப் புறக்காரணம் இதுவே. அகக்காரணமோ, அடுத்து என்ன வரும் என்னும் அவா நீங்குதலாம். பாட்டைக் கேட்பவர் மனம் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த அடியையும் சங்கதியையும் எதிர்நோக்கும். இங்கே எதிர்நோக்குதற்கு ஒன்றுமின்மையின் மனம் ஓடிக் களைத்து நிற்கின்றது. இளைஞர் பொய் கூறவில்லை. எமக்கும் மனம் நின்றது.

இது முழுதும் மேனாட்டுச் சரக்கென்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. பாடுவார் பின்னே ஒலிக்கும் தம்புரா நம்மவர் கண்டது. குதிரையின்மேல் நரம்பினடியில் இடும் ஒரு நூலிழையால் ஓரொலி பலவொலியாய் மலர்வதைத் தம்புரா மீட்டினார் யாவரும் அறிவர். பிராணநாதர் என்னும் கிரானா மரபுப் பாடகர் 1970இல் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டில் இவ்வகை இசைக்கு முன்னோடிகளாகிய லா மாண்டே யங், டெர்ரி ரைலி என்போர் அவர்க்கு மாணாக்கராயினர். 1982இல் பதிந்து 1999இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டில் அப்பிராணநாதருடைய தம்புராக்களின் ஒலியன்றி வேறொன்றும் இல்லை. பாடுவார் வாராமலே ஒரு மணிக்கு மேலாக அது செல்கின்றது. நம்மவர்க்கு இது மணமகன் வாராத மணப்பந்தலாய்த் தோன்றக்கூடும். இக்காலத்து ஓதுவார் பலர் தாமும் மின்சுருதிப் பெட்டியையே நம்பிப் பாடுகின்றனர் என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும். யந்திரத்து ஒலி என்பதொன்றே குற்றமாயின் அவர்பாலும் அக்குற்றம் சேரும்.

இதனினும் எம் வினாவிற்கு நெருங்கிய செய்தி ஒன்றுளது. 1946இல் குசராத்து நாட்டுக் கீதா சாராபாய் அம்மையார் நியூயார்க்கு சென்று, ஜான் கேஜ் என்னும் இசையாசிரியர்க்கு நம் நாட்டிசையைக் கற்பித்து, அவரிடம் மேனாட்டிசையைக் கற்றார். இசையின் பயன் யாது என்று கேஜ் உசாவியபோது, மனத்தைத் தெளிவித்து அடக்கி, தெய்வத்தின் வருகைக்கு அதனை ஏற்புடையதாக்குதலே என்று தம் ஆசிரியர் கூறியதாக அம்மையார் விடையிறுத்தனர். இதனைக் கேஜ் தம் வாழ்நாள் முழுதும் போற்றி எடுத்துரைத்தார். 1952இல், நான்கு நிமிடமும் முப்பத்து மூன்று நொடியும் கருவியாளர் ஓசை எழுப்பாதிருக்கும் ஓர் இசையையும் அமைத்தார். பின்னர் 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டூடர் என்பார் மூக் சிந்தசைசரை நிறுவ, கீதா சாராபாயும் வேறு சிலரும் அதன்கண் இசையமைத்தனர். 1972 வரை ஆங்குப் பதிந்த நாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2023இல் இசைத்தொகுதியாய் வெளிப்போந்தன.

மேற்காட்டிய விடையை அன்பர்கள் மீண்டும் ஒருமுறை நோக்குக. அதில் இரண்டு உறுப்புக்கள் உள. மனத்தை அடக்குதல் ஒன்று; தெய்வத்தின் வருகைக்கு ஏற்புடையதாக்குதல் மற்றொன்று. முன்னது வாயில், பின்னது விருந்து. கடல் கடந்து சென்ற அக்கருத்தில் முன்னதையே பலரும் பற்றிக்கொண்டனர். பின்னது மெல்ல நழுவிற்று. இன்று இவ்விசையை விற்போர், அமைதி தரும், உறக்கம் தரும், வேலையிற் கருத்தூன்றத் துணைபுரியும் என்று கூறி விற்கின்றனர். வாயிலைத் துடைத்து விளக்கேற்றி வைத்து, வருவார் ஒருவர் உளர் என்பதனை மறந்தவர் செயலை இது ஒக்கும்.

இனிச் சித்தாந்தம் ஒலியைப் பற்றிக் கூறுவது யாது? நாதமே கடவுள் என்பார் பலர். நாதோபாசனை என்னும் சொல்லும் இசைவாணரிடை மிக வழங்குகின்றது. நம் நூல்கள் அங்ஙனம் கூறா. நாதம் சுத்த மாயையினின்று முதற்கண் தோன்றும் தத்துவம். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் அச்சுத்த மாயையின் காரியமே. செவியாற் கேட்கப்படும் பரு ஓசையோ அதனினும் பலபடி கீழே, ஆகாயத்தின் குணமாய் நிற்பது. மாயை எத்துணைத் தூயதாயினும் சடமே, அறிவுடையதன்று. கூத்தப்பிரான் திருக்கரத்துத் துடி படைத்தற்றொழிலைக் குறிப்பது என உண்மை விளக்கம் உரைக்கும். துடியின் ஒலியினின்று உலகம் தோன்றுமாயினும், துடி கூத்தன் ஆகாது. அது அவன் கையில் உள்ளது. நாதத்தைக் கடந்த இடத்தே அவனை வைத்து நாதாந்தம் என்று நம்மவர் கூறியதும் இது பற்றியே.

எனினும், சடமென்று ஒலியை இகழ்தலும் சித்தாந்தமன்று. இருளில் விளக்குப்போல மாயையின் காரியங்கள் உயிர்க்குச் சிறிது அறிவை விளக்கி உதவுகின்றன. ஞாயிறு எழுங்காறும் விளக்கு வேண்டும். மருளை மட்டும் விளைப்பதாகக் கொண்டு மாயையை வெறுப்பவர் நம்மவரல்லர். ஆதலின் மனத்தை நிறுத்தும் ஓரொலி, அது தம்புராவிற் பிறப்பினும் மின்கருவியிற் பிறப்பினும், விளக்கென்னும் அளவில் நமக்கு உடன்பாடே. விளக்கை ஞாயிறென்று கருதுமிடத்தே பிழை புகும்.

பிழை புகும் வழியை ஆராய்வோம். உயிர் நிற்கும் நிலை மூன்று: கேவலம், சகலம், சுத்தம். கேவலத்தில் உயிர் ஆணவ இருளில் அழுந்தி, அறிவும் இச்சையும் செயலும் இன்றிக் கிடக்கின்றது. சகலத்தில் கருவிகளோடு கூடிச் சிறிதறிந்து உழல்கின்றது. சுத்தத்தில் அருளோடு கூடி நிற்கின்றது. கேவலத்திலும் நினைவில்லை, சுத்தத்திலும் தற்போதமாகிய நினைவில்லை. புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நாடோறும் உறங்கும்போது நமக்கு நிகழ்வதும் இதுவே. நனவில் 35 ஆக நின்ற கருவிகள் கனவில் 25 ஆகிச் சுழுத்தியில் மூன்றாகி, ஒவ்வொன்றாய்க் கழல்கின்றன. கருவி கழன்றமையால் அங்கே ஓர் ஓய்வு உண்டு, அவ்வோய்வில் அறிவில்லை. விழித்தவுடன் பழைய கவலைகள் அனைத்தும், அட்டில் அறையிற் காத்திருந்த விருந்தினர்போல், வரிசையாக வந்து சேர்கின்றன. மனம் நின்றது என்பது மட்டும் கொண்டு, அது கீழ் நோக்கி நின்றதோ மேல் நோக்கி நின்றதோ என்று கூறல் ஒருவர்க்கும் இயலாது.

இம்மயக்கம் இன்று நேற்றையதன்று. உமாபதிசிவனார் 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்படுவாருள் பாடாணவாதி ஒருவன். முத்தியில் உயிர் கல்லைப்போலக் கிடக்கும் என்பது அவன் கொள்கை. துன்பமும் இல்லை, இன்பமும் இல்லை, கிடக்கும், அவ்வளவே. சித்தாந்தி அதற்கு இசையான். பாசம் நீங்குதலோடு சிவப்பேறும் வேண்டும், நீங்கினான் நுகர்தற்கு இன்பமும் வேண்டும் என்பான். நீக்கம் மட்டும் வேண்டுவோர்க்கு மயக்க மருந்தும் போதும். நூலும் குருவும் திருக்கோயிலும் வேண்டா. ஏலமலையின் இளைஞர், தாம் அறியாமலே, பாடாணவாதியின் வாயிலில் நின்று எம்மை வினவினார் என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

இவ்விடத்தே ஒரு தடை எழும். சொல்லில்லாத இசை சிவனிடத்தே செலுத்தாதோ? செலுத்தும் என்பதற்கு ஆனாய நாயனாரே சான்று. ஆனிரை மேய்க்கச் சென்றவர், பூத்துநின்ற கொன்றை மரத்தைக் கண்டு, கொன்றை சூடியவனை நினைந்துருகி, ஐந்தெழுத்தை வேய்ங்குழலில் வாசித்தார். கன்றுகள் பால் குடித்தல் மறந்தன, தம்முட் பகைகொண்ட பாம்பும் மயிலும் ஒருங்கு வந்தன, காற்றும் அசையவில்லை. குழலில் எழுத்தொலி கேளாது. கேட்டவை ஆவும் மானும் பாம்பும். அவை ஐந்தெழுத்தென்று அறிந்தாவது நின்றன? எனினும் நின்றன. ஆதலின் சொல்லின்மை குறையன்று. சொற்கள் வந்து இழுக்கின்றன என்று கூறிய இளைஞரை அந்த அளவில் யாம் மறுக்க ஒருப்படேம்.

இனி, சொல்லுண்டாயினும் பயன்படாத இடமும் உண்டு. சுவரிற் செருகினால் ஐந்தெழுத்தை ஓயாது ஒலிக்கும் சிறு பெட்டியொன்று இந்நாளில் மனைதோறும் உளது. எம் மனையிலும் உளது. பல நாள் பகலில் யாவரும் வெளியே சென்றிருக்க, பூட்டிய வீட்டினுள் அது தன் போக்கில் ஒலித்துக்கொண்டிருந்ததை யாம் திரும்பி வந்து கண்டதுண்டு. அதனைச் செபமென்று கூற எம் நா எழவில்லை. சீன நாட்டுக் கோயில்களிலும் இத்தகைய பெட்டிகள் உள. அவற்றைக் கண்டு 2005இல் பெய்சிங்கிலிருந்த இசைவாணர் இருவர், மந்திரத்தை நீக்கி, ஒன்பது சிறு மின்னிசைத் துணுக்குகளை மீள மீள ஒலிக்கும் பெட்டியொன்றை இயற்றிப் புத்த யந்திரம் என்று பெயரிட்டு விற்றனர். மந்திரம் உள்ள பெட்டியும் அஃது இல்லாத பெட்டியும், கேட்பாரின்றிக் கிடக்குங்கால், எம் கருத்தில் ஒரு நிலையினவே. ஆனாயர் குழலிற் சொல் இல்லை, அன்பர் இருந்தார். எம் வீட்டுப் பெட்டியிற் சொல் உளது, அன்பர் வெளியே போயிருந்தார்.

ராதீக் அம்மையாரை இவ்விரண்டனுள் எங்கே வைப்பது? ஈண்டு அவர் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். 1974இல் அட்நோஸ் என்னும் இசையின் முதற் பகுதியை வெளியிட்ட பின்னர், அவர் திபெத்தியப் பௌத்த நெறியைத் தழுவினார். தழுவியவர் சில ஆண்டுகள் இசையை முற்றும் விட்டு, சாதனையே செய்திருந்தார். குருவின் ஏவலினால்தான் மீண்டும் கருவியண்டை வந்தார். 1988 முதல் 1993 வரை வெளிப்போந்த மூன்று பகுதிகளாலாகிய இறப்பின் முத்தொகுதி அதன்பின் எழுந்தது. அதன் முதற்பகுதியை 1989இல் விபத்தில் மாண்ட தம் மகனுக்கு உரிமையாக்கினார். இரண்டாம் பகுதியின் பெயர் கைலாச. திருக்கயிலையை வலம்வரும் ஒரு யாத்திரையைப் பாவனையால் அமைத்தது அது. தேவாரம் ஊரில் எம் செவியிற் பூட்டப்பட்டதும் அதுவே.

பௌத்தராயிற்றே என்று ஒதுக்குவார் ஒதுக்குக. எமக்கு அவ்வரலாற்றில் ஒரு செய்தி மிக இன்றியமையாததாகத் தோன்றுகின்றது. இவ்வொலியை இயற்றியவர்க்கே இவ்வொலி போதவில்லை. மனம் அடங்கும் இசை தம் கையில் இருக்கவும், அதனை விட்டுக் குருவைத் தேடிச் சென்றார். குருவின் சொற்படி மீண்டபோது அவ்விசை அவர்க்குப் பணியாயிற்று. நம் நூல் வழக்கிற் கூறின், நோன்பும் குருமொழியும் முன் நின்றன; ஒலி பின் நின்றது. கேட்பவரோ பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதை விட்டனர். மேலும், தம் எழுபதாம் ஆண்டின் பின்னர் அவர் மின்கருவியையும் விட்டு, நால்ஜோர்லாக் என்னும் இசையைச் சார்லசு கர்ட்டிசு என்பவரது செல்லோவிற்காக அமைத்தார்; பின்னும் மக்கள் கையும் மூச்சும் இயக்கும் கருவிகட்கே இசை வகுத்தார். மணிக்கணக்கில் தளராத யந்திரத்தைக் காட்டிலும் தளரும் மூச்சினிடத்தே அவர் எதையோ கண்டார் போலும்.

கயிலைக்கு யாத்திரை என்றவுடன் சைவர்க்கு நினைவில் வருவார் அப்பர் பெருமான். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேய்ந்து, புரண்டும் செல்லலாகாத நிலையில் வழியிடைக் கிடந்தவர்க்கு, அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு ஆணையாயிற்று. எழுந்தார், கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலே கண்டார். எதனிடத்துக் கண்டார்? பிடியோடு வரும் களிற்றினிடத்தும், பெடையோடு வரும் சேவலினிடத்தும். உலகத்தை மறந்து கண்டாரல்லர்; உலகத்து உயிர்களை அம்மையப்பராய்க் கண்டார். இது பற்றியே யாம் ஓரளவைக் கூறத் துணிகின்றேம். ஒலி ஓய்ந்து இயர்போனைக் கழற்றியவுடன், எதிரே நிற்பவர் எவ்வாறு தோன்றுகின்றார்? அமைதியைக் கலைக்க வந்த பகைவராகத் தோன்றுவரேல், பெற்ற ஓய்வு கேவலத்தின் சாயலே. அவர்பால் இயல்பாகவே ஓர் இரக்கமும் அன்பும் சுரக்குமேல், மூழ்கிய பொய்கை நல்ல பொய்கை. எம்மைப் பொறுத்தமட்டில், முதல் நாள் கழற்றியபோது எம்மை உணவிற்கு அழைத்த அன்பர்மேல் எமக்குச் சினமே எழுந்தது என்பதனையும் மறையாது எழுதுகின்றேம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் நூற்றுணிபு. பளிங்கின் அருகே செம்மலரை வைப்பின் பளிங்கு செந்நிறங் காட்டும். ஒன்றும் வையாவிடின் இருட்டில் இருளாய் இருக்கும். மனத்தினின்று நினைவுகளை எல்லாம் விலக்கியபின் அவ்விடம் வெறுமையாய் நில்லாது. ஆணவம் அங்கே முன்னரே குடியிருப்பது. ஆதலின் மனம் நின்றதா என்னும் வினாவைக் காட்டிலும், எதனைச் சார்ந்து நின்றது என்னும் வினாவே பெரிது. திருமுறைச் சொற்கள் இழுக்கின்றன என்றாரே, அவை இழுத்தல் இயல்பே. அவை பெரும்பாலும் முன்னிலையில் ஒருவனை நோக்கி விளிப்பன. விளிக்குஞ் சொல், விளிக்கப்படுவோன் உள்ள பக்கம் மனத்தை இழுக்கும். அவ்விழுப்பை இடையூறென்று கொண்டவர், தம்மை அழைப்பாரது குரலை இரைச்சலென்று கதவடைத்தவரை ஒப்பர்.

இனி, இளைஞர்தம் தொழிலிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு இருப்பதை யாம் பின்னர்க் கண்டேம். ஸ்டோரில் இரவு முழுதும் அவர் செய்வது என்ன? சும்மா இருத்தலே. காயைத் தொடுவதில்லை, உலர்தல் தானே நிகழ்கின்றது. ஆயினும் உறங்குதல் ஆகாது. ஒன்றும் செய்யாமலும் உறங்காமலும் ஒன்றன்கண் விழித்திருத்தல் என்னும் அவ்வொழுக்கம், நனவின்கண்ணே அதீதம் என்று நம் நூல்கள் கூறும் நிலைக்கு, அவர் செவியில் ஒலிக்கும் இசையினும் நெருங்கிய உவமையாகும். ஒலியில் ஆழ்ந்து சூட்டை மறந்த இரவு உண்டா என்று அன்பர் வாயிலாக உசாவினேம். ஒருமுறை உண்டு என்றும், ஒரு தட்டுக் காய் வெளுத்துப் போயிற்று என்றும், அன்றுமுதல் ஒரு செவியில் மட்டுமே கேட்பதாகவும் விடை வந்தது. ஒரு செவியை ஒலிக்கும் மற்றொரு செவியைப் பணிக்கும் கொடுத்த அவ்வேற்பாட்டை யாம் மிக மெச்சினேம்.

இசையை விட்டுவிடுக என்று யாம் அவர்க்குக் கூறவில்லை. அவ்வூர்க்கு அணித்தே உள்ள பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராஜா அவர்கள் 2005இல் திருவாசகத்தை மேனாட்டு வாத்தியக் குழுவோடு இசைத்து வெளியிட்டபோது, அது முறையன்று என்று முணுமுணுத்தாரும் உளர். அதனாலேயே முதன்முதல் திருவாசக ஏட்டைத் திறந்தாரும் உளர். வாயில்கள் பல; யாம் காவலரல்லேம். யாம் அவர்க்கு எழுதியது இவ்வளவே: தொகுதி முடிந்து ஒலி ஓய்ந்தபின், அடுத்ததைத் தொடங்குமுன், ஓய்ந்த இடத்தே ஐந்தெழுத்தை ஒருமுறை ஓதி, அதன்பின் எழுந்து சூடு பார்க்க.

அதற்கு அவர் எழுதிய விடையில் ஒரு தடை இருந்தது, அது நேர்மையானது. "ஐயா, தாங்கள் யாரைச் சார்ந்து என்று கேட்கிறீர்கள். அந்த யார் என்பவரை எனக்குத் தெரியாது. தெரியாதவரை எப்படிச் சார்வது? தெரிந்ததுபோல் ஓதுவது, தங்கள் வீட்டுப் பெட்டி ஓதுவதுபோல் ஆகாதா?" என்பது அது. எம் உவமையாலேயே எம்மை மடக்கினார். யாம் கூறிய விடை வருமாறு: அறிந்தபின்னரே தொண்டு என்று நம் நெறி விதிக்கவில்லை. அவ்வாறாயின் சரியை என்றொரு பாதமே வேண்டா. திருக்கோயிலை மெழுகுபவன் மெழுகப்படும் இடம் யாருடையது என்பதனை முற்ற அறிந்து மெழுகுபவனல்லன். ஒருவருடையது என்னும் அளவிற்கு அறிவான். பெட்டிக்கு அவ்வளவும் இல்லை. தெரியாது என்று வருந்துதல் பெட்டியால் ஆகாது. அவ்வருத்தத்தோடு ஓதுக, போதும் என்று எழுதினேம். இவ்விடை அவரை நிறைவித்ததோ இல்லையோ யாம் அறியேம். அவர் மறுமொழியில் அது பற்றி ஒன்றுமில்லை. தை கழிந்தால் பறிப்புக் குறையும் என்றும், அப்பொழுது ஐந்து நாள் விடுப்புக் கிடைக்கும் என்றும், தேவாரத்திலிருந்து திருவையாற்றுக்கு எவ்வழி செல்வது நல்லது என்றும் மட்டும் கேட்டிருந்தார்.